வாழைத்தார் ஏற்றினால் மட்டும் இழுத்த பிக்கப்: ஒரு நிகழ்வு ஆய்வு

நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் ரோட்டோரம் என் ஷெட். போன ஆடியில் ஒரு நாள் காலை, டீ குடித்த கிளாஸைக் கழுவி வைப்பதற்குள் அந்தப் பிக்கப் வந்து நின்றது. ஒன்றேகால் டன் ஏற்றும் வகை. நான்கு வயது, ஓட்டம் 1,42,000 கிலோமீட்டர். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், முன்பக்கம் குறுக்கே ஒரே ஆக்சில், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். களக்காட்டில் ஏத்தன் வாழைத்தார் ஏற்றி, ஏர்வாடி, வள்ளியூர் வழியாக நாகர்கோவிலில் இறக்குவதுதான் அதன் பிழைப்பு. வாரத்தில் இரண்டு நாள் திசையன்விளைப் பக்கம் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கும் போகும். ஓணம் நெருங்குகிற நேரம். கேரளாவில் ஏத்தனுக்குக் கிராக்கி ஏறும் சமயத்தில் வண்டி ஒரு நாள் நின்றாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது.

டிரைவர் தம்பி சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, வண்டி இடப்பக்கம் இழுக்கு. ரெண்டு மாசமா இழுக்கு. எல்லாம் மாத்திப் பாத்தாச்சு."

எல்லாம் என்றால் என்னென்ன என்று பில்லை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வெவ்வேறு இடங்களில் மொத்தம் மூன்று தடவை வீல் அலைன்மெண்ட். முன் டயர் இரண்டும் புதிது. டை ராடு எண்ட் (முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் கம்பியின் முனை) இரண்டும் புதிது. கூட்டினால் 16,000 ரூபாயைத் தொட்டது. ஒவ்வொரு அலைன்மெண்டுக்குப் பிறகும் நாலைந்து நாள் நேராக ஓடி, அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது என்றும் சொன்னான். அந்தப் பேச்சிலேயே விடை பாதி இருந்தது. எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

முதல் இரண்டு நாள்: காற்று, ரோடு, டயர், பிரேக்

ஆடியில் இந்தப் பக்கம் இழுவைப் புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் பருவக்காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் காவல்கிணற்றிலும் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வள்ளியூர் தாண்டிப் பணகுடிப் பக்கம் தெற்கே போகிற வண்டிக்கு அந்தக் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். தார்ப்பாய் கட்டி உயரமாகத் தார் அடுக்கிய பிக்கப்பை அது இடப்பக்கம் தள்ளத்தான் செய்யும். அதே வண்டி திரும்பி வடக்கே வந்தால் தள்ளுவது எதிர்ப்பக்கம். "போகும்போது இழுக்கு, வரும்போது இழுக்கல" என்று யாராவது சொன்னால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது ரோட்டின் வாட்டம். மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தார் ரோட்டை ஓரம் நோக்கிச் சரித்துத்தான் போடுவார்கள். நூறு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் போல. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகையால் குறையே இல்லாத வண்டியும் கையை விட்டால் மெல்ல இடப்பக்கம்தான் ஒதுங்கும். கம்பெனியிலிருந்து நேற்று இறங்கிய வண்டியும் அப்படித்தான்.

இந்த இரண்டையும் கழிக்க எனக்கு ஒரு இடம் உண்டு. பக்கத்தில் பிளாட் போட்டு, கல் நட்டு, கொடி கட்டி, தார் ரோடும் போட்டு, பத்து வருஷமாக ஒரு வீடு கூட வராத ஒரு நகர் இருக்கிறது. பெயர் மட்டும் பிரமாதமான பெயர். மட்டமான ரோடு, அரைக் கிலோமீட்டர் நேர்க்கோடு, ஆடு மாடு தவிர எதிரே எதுவும் வராது. மறுநாள் விடியலில், காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்போது, வண்டியை அங்கே கொண்டுபோய் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகவும் வரவும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தேன். இரண்டு திசையிலும் இடப்பக்கமே ஒதுங்கியது. சரி, குறை வண்டியில்தான்.

டயர் காற்றைச் சூடாகும் முன் பார்த்தேன். முன் இடது டயரில் வலதைவிட 6 பி.எஸ்.ஐ. குறைவு. வால்வு கசிவு. அதை மாற்றி இரண்டையும் சமப்படுத்தியதும் இழுவை கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும், உருள்வதற்கு அதிகம் முரண்டும், வண்டி அந்தப் பக்கம் சாயும்.

அப்புறம் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். புது டயர் என்றால் சந்தேகமே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ரேடியல் டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டை நடுவிலிருந்து துளி விலகியிருந்தாலும் டயர் வெளியே உருளையாகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் கூம்பு போல நடந்துகொள்ளும். ஒரு காகித டம்ளரைத் தரையில் உருட்டிவிட்டுப் பாருங்கள், நேரே போகாது, வட்டமடிக்கும். குறை டயரில் இருந்தால், இடம் மாற்றியதும் இழுவையும் பக்கம் மாறும். இங்கே மாறவில்லை. டயருக்கு விடுதலை.

பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வெப்பமானியை முன் ஹப் இரண்டிலும் காட்டினேன். இடது பக்கம் வலதைவிட 15 டிகிரி கூடுதல். ஆகா, பிடித்துவிட்டோம் என்று தோன்றியது. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றினால், அது வழுக்கி நகர்வதற்கான கம்பி (பின்) இரண்டும் கிரீஸ் காய்ந்து கெட்டியாக இருந்தன. பேட் டிஸ்கை விட்டு முழுசாக விலகாமல் லேசாக உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கே என் தவறு ஒன்றையும் எழுதிவிட வேண்டும். ஒரு மாதம் முன்பு வேறொரு வண்டியில் இதே மாதிரி சூடு. அதற்குக் காரணம் பிரேக் ஓஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். ஓஸின் உட்பக்க ரப்பர் ஊதிப்போனால் பெடலை மிதிக்கும்போது ஆயில் உள்ளே போகும், காலை எடுத்த பிறகு திரும்பி வராது; வெளியே பார்த்தால் ஓஸ் நல்லபடியாகத்தான் இருக்கும். அந்த ஞாபகத்தில் இந்த வண்டிக்கும் ஓஸை மாற்றிவிட்டேன். மாற்றுவதற்கு முன் சோதித்திருக்கலாம். பெடலை மிதித்து விட்டதும் வீல் இறுகியே நின்றால், காலிப்பரில் காற்று எடுக்கும் திருகான பிளீடர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து பார்க்க வேண்டும். திறந்ததும் வீல் லேசானால் அடைப்பு ஓஸிலோ குழாயிலோ. அப்போதும் இறுகியே இருந்தால் காலிப்பரில். இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யவில்லை. கழற்றிய ஓஸை வெட்டிப் பார்த்தேன், உள்ளே பழுதே இல்லை. புது ஓஸுக்கு முதலாளியிடம் காசு வாங்கவில்லை.

காலிப்பர் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் சூடு இரண்டு பக்கமும் ஒன்றானது. திரும்பவும் அந்தப் பெரிய பெயர் கொண்ட நகரில் ஓட்டினேன். நேராகப் போனது. ஸ்டீயரிங் மட்டும் ஒரு விரற்கடை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியைக் கொடுத்தனுப்பினேன்.

முருங்கைக்காய்க்கு இல்லை, வாழைக்கு உண்டு

மறுநாளே போன். "அண்ணாச்சி, திரும்ப இழுக்கு. முந்தி மாரியேதான்."

எனக்குச் சுருக்கென்றது. அவன் அப்போது களக்காட்டில் தார் ஏற்றிக்கொண்டிருந்தான். போகும் வழியில் லோடோடு வரச் சொன்னேன். காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில், அவனிடம் கேட்காமல் விட்டது என்ன என்பது பிடிபட்டது. வந்து இறங்கியதும் கேட்டேன்.

"தம்பி, காலியாப் போகும்போது இழுக்கா, லோடு ஏத்தினா இழுக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "முருங்கைக்காய் ஏத்துனா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. தார் ஏத்துனாதான் இழுக்கு."

"ஓட்டம் சமமா இருக்கும்போதா, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா?"

"மிதிச்சா இடப்பக்கம் போகும். காலை எடுத்தா அதுவா கொஞ்சம் நிமிரும்."

இதை முதல் நாளே கேட்டிருந்தால் ஒன்றரை நாள் மிச்சம். இரண்டு மாதமாக அவனும் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. வண்டியோடு தினமும் கிடக்கிறவனுக்குத் தெரியாத விஷயம் நமக்குத் தெரிந்துவிடப் போவதில்லை. "இழுக்கு" என்ற சொல்லோடு அவனை நிறுத்தியது நான்தான்.

முருங்கைக்காய் வண்டி நிறைய ஏற்றினாலும் எடை குறைவு. தார் அப்படியில்லை. பாரம் கூடும்போது வண்டியை நகர்த்தப் பின் சக்கரம் தள்ளும் விசையும் கூடும். மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறு பக்கம் என்றால் பின் ஆக்சில் இருந்த இடத்தில் இல்லை, நடமாடுகிறது என்று அர்த்தம். நான் இரண்டு நாளும் வண்டியின் முன்பக்கத்திலேயே குடியிருந்திருக்கிறேன்.

லோடோடு நானே ஓட்டினேன். இரண்டாவது கியரில் மிதித்ததும் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. காலை எடுத்தேன். பின்னாலிருந்து, இடப்பக்கம், "டொக்" என்று ஒரு சத்தம்.

"இது என்ன சத்தம்?"

"தார் சரியுதுன்னு நினைச்சேன் அண்ணாச்சி."

சாக்பீஸ் கோடு

ஷெட்டில் நிறுத்தி இடது பின் ஸ்பிரிங்கின் பட்டைக்கட்டைப் பார்த்தேன். நவ்வலடி, இட்டமொழிப் பக்கம் போய்வருகிற வண்டிகளில் தேரி மண் சிவப்பாக அப்பியிருப்பது வழக்கம். இதிலும் அப்படித்தான் தெரிந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மண் என்றால் நறநறக்கும். இது மாவு போல விரல் ரேகைக்குள் இறங்கியது. துரு. பட்டையும் அதன் கீழே ஆக்சில் மேலிருக்கும் சீட்டும் ஒன்றோடொன்று உரசி உரசி உதிர்ந்த இரும்புப் பொடி. சீட்டின் ஓரத்தில் நகக்கண் அகலத்துக்குப் புதுக் கரண்டி போல ஒரு பளபளப்பு. வலது பக்கத்தில் இது எதுவும் இல்லை, வெறும் மண்தான்.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்தேன். கை பிரேக்கை விட்டுவிட வேண்டும், அது பின் சக்கரத்தைப் பிடிப்பது. சோதிக்கப் போவதும் பின் சக்கரத்தைத்தான். பட்டைக்கட்டின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே சீட் வரைக்கும் செங்குத்தாக ஒரு சாக்பீஸ் கோடு கிழித்தேன். வலப்பக்கமும் ஒன்று. தம்பியை முதல் கியர் போட்டுக் கிளச்சைப் பாதி விடச் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்தோ, முன்னாலும் பின்னாலும் நின்றோ இதைப் பார்க்கக் கூடாது. நானும் வேலை பழகும் பையனும் பக்கவாட்டில் தள்ளி நின்றோம். பையன் கையில் செல்போன் வீடியோ.

எஞ்சின் முக்கியது. இடது பக்கக் கோடு நடுவில் உடைந்தது. மேல்பாதி நின்ற இடத்தில் நிற்க, கீழ்பாதி ஆக்சிலோடு சேர்ந்து முன்னால் நகர்ந்தது. ரிவர்ஸ் போட்டதும் "டொக்", கோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது. வலது பக்கக் கோடு அசையவே இல்லை. பையன் அந்த வீடியோவை நாலைந்து தரம் ஓட்டிப் பார்த்தான். நானும்தான்.

அந்த நிலையில் லோடோடு அனுப்ப முடியாது என்று முதலாளிக்குச் சொன்னேன். வேறு வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் தார்களை மாற்றினார்கள். அது முடியும்வரை அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. நடுவில் ஒரே ஒரு கேள்வி நியாயமாகக் கேட்டார்: "மூணு மட்டம் அலைன்மெண்ட் பாத்தவங்களுக்கு இது ஏன்வே தெரியல?"

காரணம் எளிது. அவர்கள் பார்த்தது முன் இரண்டு சக்கரத்தை. பின்னால் ஒரே ஆக்சில், திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை என்பதால் பின் சக்கரத்தில் சென்சார் மாட்டாமலே முடித்துவிடுகிறார்கள். வண்டியும் காலி, இழுப்பும் இல்லை, ஆக்சில் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்ததோ அதற்கு ஏற்றபடி ஸ்டீயரிங்கை நேராக்கி அனுப்பியிருக்கிறார்கள். நாலு லோடு ஓடியதும் ஆக்சில் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நான்கு சக்கரத்துக்கும் மாட்டிப் பார்த்தால் அறிக்கையில், பின் சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று காட்டும் த்ரஸ்ட் ஆங்கிள் என்று ஒரு எண் வரும். அதைக் கேட்டு வாங்குகிற டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தூக்குக்குண்டு அளவு

கம்ப்யூட்டர் இல்லாமலும் இதை அளக்கலாம். லோடு இறங்கியதும் சிமெண்ட் தரையில், மறுபடி முன்பக்கமாக இழுக்க வைத்து, அப்படியே நிறுத்தினேன். முன் வீல் நேராக இருக்க வேண்டும். நான்கு ஹப்பின் நடுவிலிருந்தும் கொத்தனார் தூக்குக்குண்டை இறக்கி, குண்டின் முனை தொடும் இடத்தில் புள்ளி வைத்தேன். வலப்பக்கம் முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் 2,350 மில்லிமீட்டர். இடப்பக்கம் 2,339. அதாவது 11 மில்லிமீட்டர் குறைவு, பட்டறைக் கணக்கில் மூன்றரை நூல். ரிவர்ஸில் இழுக்க வைத்து அளந்தபோது இடப்பக்கம் 2,348. ஆக்சிலின் இடது முனை 9 மில்லிமீட்டர் போய்வந்துகொண்டிருக்கிறது.

சேஸ் வளைந்திருந்தாலும் இப்படி வரலாம் என்பதால் முன் ஸ்பிரிங் பிராக்கெட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பின் பிராக்கெட் வரை மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தேன். இரண்டும் ஒன்று. சேஸ் நல்லபடியாக இருக்கிறது.

11 மில்லிமீட்டர் என்றால் அற்பம் என்று தோன்றும். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவில் சுமார் 1,400 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஆக்சில் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருக்கிறது. பின் சக்கரம் காட்டுகிற திசையில் நூறு மீட்டர் போனால் 80 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். இடது முனை முன்னால் போனதால் பின் சக்கரங்கள் வலப்பக்கம் பார்க்கின்றன. பின்பகுதி வலப்பக்கம் போகும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். படகின் சுக்கான் பின்னால் இருந்துகொண்டு முன்னால் இருக்கும் மூக்கைத் திருப்புகிற மாதிரி. எந்தப் பக்கம் முன் பின் சக்கர இடைவெளி குறைவோ அந்தப் பக்கம் வண்டி போகும். டிரைவர் அதை ஈடுகட்ட ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்தே ஓட்டியிருக்கிறான். நான் முதலில் கண்டும் காணாமல் விட்ட அந்த ஒரு விரற்கடைச் சாய்வு இதுதான்.

பின்னால் பைக்கில் போனால் வண்டி கோணலாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். பெரிய கோணலுக்குத் தெரியும். இந்த அளவுக்கு முன் சக்கரத் தடத்துக்கும் பின் சக்கரத் தடத்துக்கும் வருகிற விலகல் இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லை. கண்ணை நம்பக் கூடாது, குண்டைத்தான் நம்ப வேண்டும்.

உள்ளே இருந்தது

வண்டியைச் சேஸில் ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கி, இடது பட்டைக்கட்டை இறக்கினோம். பட்டைக்கட்டை ஆக்சிலோடு கவ்விப் பிடிக்கும் யூ போல்ட்டின் நட்டை அவிழ்க்க நீளக் குழாய் எதுவும் தேவைப்படவில்லை, சாதாரண ஸ்பானருக்கே வந்தது. அதுவே செய்தி. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் இரண்டு துண்டு. தலைத் துண்டு சீட்டின் குழிக்குள் கிடந்தது. மேல் துண்டு பட்டைக்குள். உடைந்த முகத்தில் பாதி பழைய கறுப்பு, பாதி புதுசாக மின்னியது. ஒரே நாளில் உடையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கடைசியில் போயிருக்கிறது.

சென்டர் போல்ட்தான் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை இடம் காட்டுவது மட்டும்தான். பிடித்துக்கொண்டிருப்பது யூ போல்ட்டின் இறுக்கம். அந்த இறுக்கத்தில் பட்டையும் சீட்டும் நகர முடியாமல் கவ்விக்கொள்ளும். இறுக்கம் தளர்ந்தால் லோடின் இழுப்பு முழுதும் சுண்டுவிரல் மொத்தம் உள்ள அந்தச் சின்ன போல்ட்டின் தலையில் இறங்கும். எத்தனை நாள் தாங்கும்?

யூ போல்ட் ஏன் தளர்ந்தது என்பதற்கு முதலாளியே பதில் வைத்திருந்தார். எட்டு மாதம் முன்பு பின்பக்கம் இறங்குகிறது என்று ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். கட்டின் கனம் கூடிவிட்டது. யூ போல்ட்டோ பழையதே. அதன் நட்டுக்கு வெளியே ஒரு மரை கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நட்டின் முழு ஆழத்துக்கும் மரை ஏறவே இல்லை. கனம் கூடியதால் பழைய சென்டர் போல்ட் எட்டவில்லை, அதனால் கடையில் கிடைத்த ஒரு சாதாரண அறுகோணத் தலை போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி சென்டர் போல்ட்டின் தலை உருண்டையாக, சீட்டின் குழியில் கச்சிதமாக உட்காரும்படி இருக்கும். இந்தத் தலை குழிக்குள் ஆடியது. புதுப் பட்டை லோடு ஏற ஏற ஒன்றோடொன்று படிந்து உட்காரும், அப்போது யூ போல்ட் தானாகவே தளரும். ஒரு வாரம் ஓடிய பிறகு திரும்ப முறுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவரும் போகவில்லை. வலது பக்கத்தையும் சோதித்தேன். போல்ட் உடையவில்லை, ஆனால் நட்டு முக்கால் சுற்று முறுகியது. அடுத்தது அதுதான்.

பட்டை வேண்டுமா வேண்டாமா

இந்த வேலையில் அதிக நேரம் பிடித்தது ஸ்பானர் வேலை இல்லை, இந்தப் பேச்சுவார்த்தை. கூடுதல் பட்டையைக் கழற்ற வேண்டும் என்றேன். முடியாது என்றார்.

"பட்டை இல்லாட்டி வண்டி படுத்துரும் அண்ணாச்சி."

"படுக்கணும் அண்ணாச்சி. படுத்தாத்தானே லோடு கூடுதல்னு உங்களுக்குத் தெரியும்."

சட்டத்தைச் சொன்னேன். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அவர் அசையவில்லை. அபராதம் கட்டிப் பழகிய முகம்.

அவரை அசைத்தது வேறு. சேஸில் இருக்கும் ஒரு வால்விலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு சின்னக் கம்பி போகும். பாரம் ஏறி வண்டி தாழும்போது அந்தக் கம்பி நகர்ந்து, "லோடு இருக்கிறது, பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டு" என்று வால்வுக்குச் சொல்லும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கவும் அதுதான் அழுத்தத்தைக் குறைக்கிறது. கூடுதல் பட்டை போட்டால் லோடு ஏறியும் வண்டி போதிய அளவு தாழாது. வால்வு வண்டி பாதி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். ஒன்றேகால் டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, அரைகுறைப் பின் பிரேக்கோடு, பணகுடி பாலத்தில் இறங்குகிறான் உங்கள் டிரைவர் என்று சொன்னபோது அவர் டிரைவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "கழத்துங்க" என்றார்.

செய்த வேலை

இரண்டு பக்கமும் கூடுதல் பட்டையை எடுத்து, சரியான தலையுள்ள புது சென்டர் போல்ட் போட்டோம். நான்கு யூ போல்ட்டும் புதிது. ஒருமுறை முழு இறுக்கத்துக்குப் போன யூ போல்ட் நீண்டிருக்கும், அதைத் திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது. சீட்டின் குழி சற்றுத் தேய்ந்திருந்தாலும் புதுத் தலை ஆடாமல் உட்கார்ந்தது. உட்காராமல் போயிருந்தால் வெல்டிங் வைத்துத் திரும்பக் குடைய வேண்டியிருக்கும், ஆக்சில் கூட்டில் சூடு ஏற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. சீட்டையும் பட்டை அடிப்பக்கத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்தோம், கிரீஸ் ஒரு துளி கூட வைக்கவில்லை. உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நட்டுகளை மூலைக்கு மூலை, மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூட்டி முறுக்கி, கடைசி முறுக்கை வண்டியைத் தரையில் இறக்கி எடை சக்கரத்தில் இருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் கொடுத்தோம். தூக்குக்குண்டு அளவு: வலது 2,350, இடது 2,349. முன்னால் இழுத்தாலும் பின்னால் இழுத்தாலும் அதே அளவு. சாக்பீஸ் கோடு உடையவில்லை.

ஓட்டிப் பார்த்தால் வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் இப்போது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது! எதிர்பார்த்ததுதான். மூன்று தடவையும் கோணல் ஆக்சிலுக்கு ஏற்றபடி ஸ்டீயரிங்கை நேராக்கியிருந்தார்கள், ஆக்சில் நிமிர்ந்ததும் ஸ்டீயரிங் கோணலாகிவிட்டது. ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இழுவையைப் போக்குவதற்காக டோவையும் (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு) யாரோ திருகியிருந்தார்கள். டோ தவறினால் அது இரண்டு முன் சக்கரத்துக்கும் சமமாகப் பிரிந்துவிடும், வண்டியை ஒரு பக்கம் இழுக்காது, டயரைத்தான் தின்னும். புது டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பார்த்தேன். உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழுக்கியது, வெளியேயிருந்து உள்ளே தடவினால் ரம்பம். இரண்டு மாதத்தில். டை ராடில் டோவைச் சரிசெய்தாயிற்று, தேய்ந்தது தேய்ந்ததுதான்.

சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து 4,700 ரூபாய் ஆனது.

ஒரு வாரம் கழித்து லோடு இறக்கிவிட்டு வரும்போது டிரைவர் தம்பி வந்தான். யூ போல்ட் நட்டுகள் கால் சுற்று வரை ஏறின, வலது பின்புறம் ஒன்று கொஞ்சம் கூடுதலாக. திரும்ப அளந்தேன், அதே 2,350, 2,349. மிதித்தாலும் விட்டாலும் நேராக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். காவல்கிணறு பக்கம் மட்டும் இன்னும் இடப்பக்கம் தள்ளுகிறதாம்.

"திரும்பி வரும்போது?"

"வலப்பக்கம் தள்ளுது."

அது காற்று, புரட்டாசி வரைக்கும் பொறுத்துக்கோ என்று அனுப்பினேன்.

ஓணம் முடிந்து ஒரு நாள் முதலாளி போன் செய்தார். வண்டி சௌகரியம் எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டார்: "அண்ணாச்சி, அந்த ரெண்டு பட்டையும் உங்க ஷெட்டுலதான கெடக்கு?"

கிடக்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், அவர் சாமான். அன்றைக்குக் கேட்காத மாதிரி வேறு பேச்சுப் பேசிவிட்டேன்.